குப்பி இரண்டு

எச்சில் சேகரிப்பது என் வேலை.
களிமண்ணைத் தொடுமுன் ஒரு குப்பி,
முக்கால் மணி நேரம் கழித்து இன்னொன்று.
பஞ்சை நாவுக்கடியில் வையுங்கள், மெல்ல வேண்டாம் என்று
முப்பத்தெட்டுப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்
இந்த நவம்பரில், தார்த்து நகரில்,
மூன்றரைக்கே தெருவிளக்கு எரியும் நாட்களில்.

யாருக்கும் பெயரில்லை, எண்தான்.
ஒன்பது, முள்ளெலி செய்தார்.
இருபத்திரண்டு, சாம்பல் கிண்ணம் செய்துவிட்டு
நான் புகைப்பதில்லையே என்று தானே சிரித்துக்கொண்டார்.
பதினேழு, காது செய்தாள்.

அவசர அழைப்பு மையம். பன்னிரண்டு ஆண்டு இரவுப் பணி.
பெயரைச் சொல்லக் கூடாது என்பது விதி.
விர்வெ, என்றாள்.
மடலைத் தடவித் தடவி மெலிதாக்கினாள்,
உள்வளைவை நகத்தால் இழுத்தாள்,
துளையிட வேண்டிய இடத்தில் நின்றுவிட்டாள்.
என் பென்சிலைக் கேட்டாள்.

"ஒரு சிறுமி. போன பிப்ரவரியில்.
தெருப் பெயரைச் சரியாகத்தான் கிசுகிசுத்தாள்.
வீட்டு எண்
எட்டா, ஒன்பதா..."
எஸ்தோனிய மொழியில் இரண்டுக்கும் ஒரே வால்.
தலையைத் தவறவிட்டால் போயிற்று.

பென்சிலைப் பிடித்தபடியே இருந்தாள்.
பிறகு உள்ளே செலுத்தினாள்.
மணி அடித்தது. குப்பி இரண்டு.

இருபத்தொன்பது பேருக்கு அழுத்தச் சுரப்பு இறங்கியிருந்தது.
ஒன்பது பேருக்கு ஏறியிருந்தது,
பதினேழுக்கு எல்லோரையும்விட.
கைவேலை மனதை ஆற்றுகிறது என்று
சுவரொட்டிக்கு வாக்கியம் எழுதிவைத்திருந்த பேராசிரியர்
அந்த ஒன்றை நீக்கிவிடலாமே என்றார்.
நீக்கவில்லை. நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள்.
நீக்கினால் காரணம் எழுத வேண்டும்,
எனக்கு எழுத வரவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு வந்த புதன்கிழமை
மேசைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
அறையை யாரோ பூட்ட மறந்திருந்தார்கள்.
பனி ஒட்டிய காலணியோடு வந்தாள்,
அலமாரியிலிருந்து காதை எடுத்தாள்.
சுடாத மண், காய்ந்து வெளுத்திருந்தது.
வாளித் தண்ணீரில் விட்டாள்.
அது குமிழ் குமிழாக மூச்சுவிட்டு
ஓரத்திலிருந்து உதிர்ந்தது,
மடல் முதலில், துளை கடைசியில்.
குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.
பிறகு சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுச்
சேற்றை அள்ளிப் பலகையில் அறைந்தாள்.

இப்போது பரவாயில்லையா, என்றேன்.
கையில் குப்பி இல்லாமல் கேட்பது
கூச்சமாக இருந்தது.

இல்லை, என்றாள்.
அடுத்த புதன் திறந்திருக்குமா?

சாவி என்னிடம் இல்லை.
இருக்கும், என்றேன்.