வியாழக்கிழமை வரை

ஹெக்ரேயருக்கு ஐந்நூறு என்றார் எக்லி.
எத்தனை பரப்பு என்று பெருக்கிப் பார்த்து
பாதியில் விட்டுவிட்டேன்.
ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம்,
முறுக்கினால் கிளையைப் பிடித்துக்கொள்ளும்
செம்மண்நிறப் பிளாஸ்ரிக் நரம்பு.
உள்ளே இருப்பது ஒரு பெண்ணின் வாசம்.
நம் மூக்குக்கு எட்டாது.

சித்திரைக் கடைசி, துர்காவ்.
மொட்டு இன்னும் இளஞ்சிவப்பில் நிற்கிறது,
ஏரிக் காற்று பல்லைக் கூசவைக்கிறது.
வரிசையின் மறுபக்கம் அஸ்ரா ஏணியை நகர்த்துகிறாள்.
"மேல் கிளையில் கட்டு,
கல்யாணமெல்லாம் உச்சியில்தான்."

பட்டை வெடிப்பில்
தன் வாயால் நெய்த நூலுக்குள்
பனிக்காலம் முழுவதும் கிடந்த புழு,
இப்போது கூடு,
இன்னும் சில நாளில் அந்து.
சாம்பலில் கோடு கிழித்த செட்டை,
நுனியில் தேய்ந்த செம்புக் காசுபோல் ஒரு திட்டு.
பகலில் அது வெறும் சிராய்.
பொழுது சாய்ந்து
பதினைந்து பாகைக்குக் கீழே குளிர் இறங்காத மாலைகளில்
சிராய் பறக்கும்.
ஆண், காற்றைப் பிடித்துக்கொண்டு போகும்.
எங்கள் காற்று முழுக்க அவள்.
இந்தக் கிளையில் அவள், அந்தக் கம்பியில் அவள்,
ஆளில்லாத இடமெல்லாம் அவள்.
மெய்யானவள் இரண்டு இலை தள்ளி இருப்பாள்,
வயிற்று நுனியைத் தூக்கியபடி.
தேடித் தேடித்தான் தவறவிடுகிறது.

நஞ்சு இல்லை, ஒன்றும் சாவதில்லை
என்று எக்லி வாங்க வருகிறவர்களிடம் சொல்வார்.
பிறக்காமல் போவதற்கு என்ன சொல் என்று
நான் கேட்டதில்லை.
என் டொச் அவ்வளவு தூரம் போகாது.

ஓர வரிசை வேறு கதை.
வேலிக்கு அப்பால் ஒரு கிழட்டு மரம்,
கவாத்தும் இல்லை, பறிப்பாரும் இல்லை.
அங்கேயே கூடிவிட்டு வருகிறவளுக்கு
எங்கள் காற்றில் என்ன தடை?
காய்க்குப் பக்கத்து இலையில்
குஞ்சுமீனின் செதிலளவு முட்டை.
புழு, பூ உதிர்ந்த குழியால் நுழையும்,
சதையில் தங்காது,
நேரே விதைக்கு.
போன ஆவணியில் நூறு காய் எண்ணினேன்;
பதினொன்றின் வாசலில் ஈரத் தவிடு.
தண்டில் நெளி அட்டை சுற்றி,
உறங்க வந்தவற்றை அட்டையோடு உரித்து எரித்தோம்.
எக்லி அந்த வீட்டுக்குக் கேக் கொண்டுபோனார்.
கேக் முடிந்தது. மரம் நிற்கிறது.

இதுவரைக்கும் வேலை. இனி, நேற்று.

ஆர்போனில் மூன்றாம் மாடி.
பல்கனிக் கொளுக்கியில் என் வேலை ஜக்கெற்.
வைகாசியின் முதல் சூடான மாலை,
தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்கிறேன்,
ஒரு சிராய் வந்து கையில் இருந்தது.
என் கையில் அல்ல, ஜக்கெற்றின் கையில்.
பிறகு இன்னொன்று.
ஒன்பதரைக்குள் ஏழு.
பொறியில் வாரத்துக்கு மூன்று விழுந்தாலே
எக்லி போனைத் தூக்குவார்.

கொலர் மடிப்பில் ஒன்று
செட்டை அதிர வட்டமிட்டது, மிக மரியாதையாக.
இன்னொன்று சிப்பின் பல்லோடு
வாலை வளைத்து மன்றாடியது.
பொக்கெற்றைத் துழாவினேன்:
கட்டாமல் மிஞ்சிய நரம்பு ஒன்று.

அஸ்ராவுக்குப் போன் போட்டேன்.
"நாற்பத்தெட்டு வயதில் ஏழு மாப்பிள்ளையா?
ஒன்றை இங்கே அனுப்பு."
சிரித்தோம். வைத்துவிட்டாள்.
அவை போகவில்லை.

நரம்பைப் போத்தலில் போட்டு மூடினேன்.
ஜக்கெற்றைத் தோய்க்க வேண்டும்.
நிலவறை மெஷினில் என் முறை வியாழன்;
நேற்றுத் திங்கள்.
உள்ளே எடுக்கவா, வெளியே விடவா என்று
கதவைப் பிடித்தபடி குனிந்து பார்த்தேன்.
கீழே முற்றத்தில் ஒரு அப்பிள் மரம்.
பத்து வருஷமாய் அதைச்
சைக்கிள் சாத்துகிற இடமென்றே நினைத்திருந்தேன்.

வெளியிலேயே விட்டேன்.
அந்த மரம் இந்த முறை
புழு கொஞ்சம் குறைவாய்க் காய்க்கட்டும்.
யாரும் பறிக்கப்போவதில்லை.
இருந்தாலும்.