இடப்பக்கத்து வைப்பர்

மடத்தடிச் சந்தியில் மான் ஒன்று
பூட்டிய நகைக்கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி
எங்களைப் போகவிட்டது.
மார்கழி. மூன்றாம் நாள் மழை.
பின்சீட்டில் இவருடைய பித்தளை எடைக்கற்கள்,
ஐந்து கிலோ, இரண்டு, ஒன்று, ஐந்நூறு கிராம்,
ஒவ்வொரு குழிக்கும் பெட்டிக்குள்
தங்களை எண்ணிப் பார்த்துக்கொண்டு வந்தன.

தராசு பார்க்கிற உத்தியோகம்.
புல்மோட்டைக் கடைகளில் வருட முத்திரை.
"தனியவா போறியள்? நானும் வாறன்" என்றது நான்தான்.
கலியாணமாகிப் பதினோரு மாதம்,
சந்தையைத் தாண்டி ஒன்றாய்ப் போனதில்லை.
நாற்பத்தாறு வயதில் ஒருவரும்
நாற்பத்திரண்டில் ஒருத்தியும்
இரண்டு வாடகைக்காரர் போல
ஒருவர் போட்ட விளக்கை மற்றவர் அணைத்து
மரியாதையாக இருந்துவந்தோம்.

சாம்பல்தீவுப் பாலத்தில்
இவர் பக்கத்து வைப்பரின் ரப்பர் பிய்ந்து
களப்புக்குள் பறந்தது.
வெறுங்கம்பி கண்ணாடியைப் பிறாண்டிற்று.
என் பக்கத்து வைப்பர் மட்டும்
ஒன்றும் நடக்காதது மாதிரி
துடைத்துக்கொண்டே இருந்தது.

"திரும்புவமா?"
"எனக்கு வடிவாத் தெரியுது. நான் சொல்லுறன், நீங்கள் ஓட்டுங்கோ."

மாடு.
இடப்பக்கம் குழி, கொஞ்சம் பெரிசு.
சைக்கிளில் ஒருவர், உரப்பையைத் தலையில் கவிழ்த்தபடி.
மாடு. இல்லை, இது வேற மாடு.
பஸ் வருது, லைட் போடாமல்.
ஒதுங்குங்கோ, இன்னும், இன்னும், சரி.

பதினோரு மாதத்தில் பேசியதைவிட அதிகமாய்
நிலாவெளி வருமுன் பேசிவிட்டேன்.
அதிலே பாதி மாடு.

பூட்டிய ஹோட்டல்களின் நீச்சல் குளங்களில்
மழை தனியாகக் குளித்துக்கொண்டிருந்தது.
உப்பளத்துப் பாத்திகளில்
ஆவணியில் அள்ளாமல் விட்ட உப்பு
திரும்பவும் தண்ணீராகிக் கிடந்தது.
கடல் இவர் பக்கம். எனக்குத் தெரியவில்லை.
"கடலை நீங்கள் சொல்லுங்கோவன்" என்றேன்.
பக்கத்துக் கண்ணாடியை நாலு விரல் இறக்கி,
சட்டைக் கை நனைய,
"புறாத்தீவைக் காணேல்ல" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"அலை ஆறடி. ஆறரை வரும்."

இவர் இப்படித்தான்.
என் அழகையும் ஒருநாள் கிராமில் சொல்வார்
என்று நினைக்கச் சிரிப்பு வந்தது.
அடக்கிக்கொண்டேன்.
முன்னால் ஆடு.

இறக்கக்கண்டியில் தேநீர்.
பாலத்தில் நின்று நாலு பேர் வீச்சுவலை எறிந்து
மழையையே இழுத்து இழுத்துக் கொட்டினார்கள்.
கடைப் பொடியன் காரை ஒருமுறை சுற்றிவந்தான்.
"சேர், அந்தப் பக்கத்து ரப்பரைக் கழட்டி
இந்தப் பக்கம் கொழுவலாமே.
ரெண்டு நிமிச வேலை."

நான் கோப்பையைப் பார்த்தேன்.
வெங்காயக் கூடைக்கும் மாமூட்டைக்கும் நடுவே
கடையின் தராசு,
இவர் போன வருடம் குத்திய முத்திரையோடு.
ஒரு கிராம் பிசகினாலும் விடாத மனிதர்,
கருவாடு விற்பவளின் கல்லையும்
தட்டிப் பார்த்து வைக்கிற மனிதர்,
பொடியனின் முகத்தைப் பாராமல் சொன்னார்:
"ரெண்டும் அளவு வேற, தம்பி."

போன மாதம்
அந்த இரண்டையும் ஒரே பெட்டியிலிருந்து
ஒரே விலைக்கு வாங்கிவந்தவள் நான்.
ரசீதுகூடக் கைப்பையில் கிடக்கிறது.

தேநீருக்குச் சீனி காணாது என்றேன்.

கும்புறுப்பிட்டி தாண்ட மழை விட்டது.
குச்சவெளி கழுவி வைத்த தட்டு மாதிரி.
தெரு எல்லோருக்கும் தெரிந்தது,
இவருக்கும்.
வாயை மூடிக்கொண்டேன்.
எடைக்கற்கள்கூடச் சத்தமில்லை.

அரை மைல் போயிருக்கும்.
"முன்னால என்ன?" என்றார்.

வெறுந்தார், ஈரம், தொலைவில் ஒரு பனை.
அதற்கு அப்பாலும் தார்.

"மாடு" என்றேன்.

வேகத்தைக் குறைத்தார்.