ஒன்பதில் ஒன்று

ஒரு வாரமாய்
எண்ணூர் ஹைரோடு நெடுக
இல்லை இல்லை என்று தலையாட்டுகிறது
பின்சக்கரம்.

கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கிப் பள்ளத்தில் விட்டதில்
ரிம் கோணியிருக்கும் என்றேன்.
இல்லாவிட்டால் கொழுந்தன் ஜெரால்டு.
இரவல் வாங்கிப் போனவன்
காசிமேட்டில் எத்தனை ஐஸ் பெட்டி ஏற்றினானோ.
கேட்டேன். முறைத்தான்.

ஞாயிறு, பூசை முடிந்து வந்து
வண்டியைத் தலைகீழாய் நிறுத்தினேன்.
சாக்பீஸை ஒட்டிப் பிடித்துச் சுற்ற
ரிம் முழுக்க ஒரே கோடு.
கோட்டமில்லை.
கம்பிகளைத் தட்டினேன், எல்லாம் ஒரே குரல்.
டயரைப் பிடித்து இடம் வலம் அசைத்தேன்.
டொக்.

ஆட்டம் அச்சில்.

கோனைக் கழற்றி
பழைய கிரீஸை டிபன் மூடியில் வழித்தேன்.
இந்தப் பக்கம் பால்ஸ் ஒன்பது.
ஃப்ரீவீல் பக்கம் எட்டு.
மண்ணெண்ணெயில் கழுவி
மறுபடி எண்ணினேன். எட்டு.

தையில், கரண்ட் போன ராத்திரி
செல்போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
இதைப் பூட்டியவள் நான்தான்.

ஒன்றே ஒன்று வேணும் என்றால்
கடையில் சிரிப்பார்கள்.
டஜனாய்த்தான் தருவார்கள்.

எதிர்வாசலில் பீடியோடு ஜெரால்டு:
“என்னாச்சி அண்ணி, கோட்டமா?”

கிரீஸ் கையை நைட்டியில் துடைத்தேன்.
“ஆமா,
கோட்டம்தான்.”