வடிகால் எண் 417

மூன்றாம் முறை கராஜுக்குள் தண்ணீர் வந்த மறுநாள்
கவுன்சிலைத் திட்டுவதற்காக அழைத்தேன்.
ரொய்மாட்டா என்று ஒருத்தி எடுத்தாள்.
பதினொரு நிமிடம். குறுக்கே ஒரு சொல் போடவில்லை.
தவறாமல் வரி கட்டுவதை,
ஊறிப்போன ஃப்ரீசரை,
ஹாப்பர் தெருவே ஆறாகி ஓடியதை
எல்லாம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:
ஊரில் நாலாயிரத்து இருநூறு வடிகால்.
ஆறு ஆள். ஒரு லாரி.
நீங்கள் ஒன்றைத் தத்தெடுத்துக்கொள்கிறீர்களா?

கோபத்துக்கு ஒரு வடிகால் தேடித்தான் அழைத்தேன்.
அவளோ நிஜமாகவே ஒன்றைத் தந்துவிட்டாள்.

தபாலில் படிவம் வந்தது.
எண்: 417.
இடம்: உங்கள் வாசலுக்கு இடப்பக்கம், எல்ம் மரத்தடி.
வடிகாலின் பெயர், விருப்பமிருந்தால்:
கிரெக் என்று எழுதினேன்.
என் முன்னாள் கணவன்.
எந்நேரமும் திறந்த வாய்;
சொன்னது எதுவும் உள்ளே இறங்காது.

கூடவே கையுறை, ரேக்,
இரண்டு பேர் நுழையக்கூடிய ஆரஞ்சு மேலாடை.
கம்பி மூடியைத் தூக்காதீர்கள்.
சாலைக்குள் இறங்கி நிற்காதீர்கள்.
மழை அறிவிப்பு வந்தால்
முந்தின மாலையே வாரி எடுத்துவிடுங்கள்.

முதல் ஞாயிறு. ஏப்ரல்.
தெற்குத் தீவின் இந்தச் சரிவில் அது இலையுதிர் காலம்.
எல்ம் சருகு இரண்டு பை,
ஒரு பஸ் டிக்கெட்,
ஏதோ குழந்தையின் ஒற்றைக் காலுறை,
சிகரெட் துண்டு அறுபத்து மூன்று. எண்ணினேன்.
எண்ணாமல் இருந்திருக்கலாம்.
மூடியின் அருகே யாரோ நீலத்தில் ஒரு மீன் வரைந்திருந்தார்கள்.
இத்தனை வருடமும் அதன்மேல்தான்
காரை நிறுத்தியிருக்கிறேன்.
இதில் விழுவது வழியில் எங்கும் சுத்தமாவதில்லை,
நேரே துறைமுகத்துக்கு.

எதிர்வீட்டு விலிசோனி வராந்தாவிலிருந்து கேட்டார்:
"காசு தருகிறார்களா?"
இல்லை.
"பிறகென்ன?"
எனக்குப் பதில் வரவில்லை. "என் கராஜ்" என்றேன்.
அவர் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார்.
என்னுடையதைவிட அது நாலு படி தாழ்வு.
அடுத்த ஞாயிறு, தெருவின் அந்தப் பக்கம்,
கரி அள்ளும் கரண்டியோடு நின்றார்.
படிவமும் இல்லை, பெயரும் இல்லை.

நூலகத்தில் கூட்டம். எட்டு நாற்காலி, பதிமூன்று பேர்.
"இது கவுன்சில் வேலை. வரி எதற்குக் கட்டுகிறேன்?"
மேசையைத் தட்டினார் மர்டாக் பிரிங்கிள்.
அவர் சொன்னது சரி.
சரிதான் என்றாள் ரொய்மாட்டாவும்.
குழாய்களுக்கு அறுபது வயது,
மாற்றி முடிக்க ஒன்பது ஆண்டாகும் என்றாள்.
அதுவும் சரி.
இரண்டு சரிக்கும் நடுவில் தேநீர் ஆறிப்போனது.
நான்கு பேர் கையெழுத்திட்டார்கள்.
பிரிங்கிள் இடவில்லை;
பேனா மட்டும் அவரோடு போய்விட்டது.

மே மாதம், அதிகாலை இரண்டு.
கூரையில் ஜல்லி கொட்டினாற்போல் மழை.
பைஜாமாவுக்கு மேல் ஆரஞ்சு ஆடை, பல்லிடுக்கில் டார்ச்.
தெரு நெடுக வெளிச்சப் புள்ளிகள்,
குனிந்து நிமிரும் முதுகுகள்.
யாரும் பேசவில்லை. பேசினாலும் கேட்டிருக்காது.
ரேக்கை ஊன்றி இழுத்தேன்.
ஒரு விக்கல்.
பிறகு கிரெக் விழுங்கத் தொடங்கினான்,
மடக்மடக்கென்று, நெடுநேரம்,
பதினாறு வருடம் நான் சொன்னதையெல்லாம்
ஒரே மூச்சில் ஏற்றுக்கொள்வதுபோல.

விடிந்தபோது என் கராஜ் காய்ந்திருந்தது.
கீழ்முனையில் பிரிங்கிள் வீடு காயவில்லை.
ஈரக் கம்பளம் ஓர் ஆள் கனம்.
விலிசோனி ஒரு முனை, நான் ஒரு முனை,
பிரிங்கிள் நடுவில். வேலிமேல் போட்டோம்.
வடிகால் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.
அவர் வாசலிலும் ஒன்று இருந்தது.
சருகு அடைத்து,
மேலே ஒரு துண்டு வானம் தேங்கி நின்றது.

ஒன்பது மணிக்குக் கவுன்சிலை அழைத்தேன்.
திட்டத்தான்.
பழைய குழாயை, ஒன்பது ஆண்டை, ஒற்றை லாரியை.
அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம்.
மூச்சு வாங்க நிறுத்தினேன்.
"419 தானே?" என்றாள்.