மூன்றாம் புட்டி

அத்திப்பட்டு புதுநகரில் இறங்கும்போது
பெட்டியை மார்போடு அணைத்துக்கொள்வேன்.
ஒன்பது கிலோ.
கல்யாண வீட்டுக்குப் போட்டோ எடுக்கவா என்று
லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஒருத்தி கேட்டாள்.
தலையாட்டி வைத்தேன்.

உள்ளே ஒரு லேசர், ஒரு சின்ன பம்ப்,
நகத்தளவு கண்ணாடிச் சந்து.
எண்ணெய் அதன் வழியே ஒழுகும்போது
வெளிச்சத்தை மறிக்கிற ஒவ்வொரு துகளும்
தன் நிழலைக் கொடுத்துவிட்டுப் போகும்.
நிழல்களை எண்ணும் என் பெட்டி.
வேறொன்றும் அதற்குத் தெரியாது.

டர்பைன் கூடத்தில் தணிகாசலம் நின்றிருந்தார்,
காதில் பஞ்சு, கையில் பனியன் வேஸ்ட்.
"நேத்துதான் ஃபில்டர் மாத்துனோம். கண்ணாடி மாதிரி கீது பாரு"
என்று முதல் புட்டியை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கினார்.
தேன் நிறம். ஒரு குறை சொல்ல முடியாது.
கண்ணுக்குத் தெரிவது நாற்பது மைக்ரானில் தொடங்குகிறது.
பேரிங்கைத் தின்பது
நாலில், ஆறில், பதினாலில் இருக்கிறது.

இருபத்தொன்று, பத்தொன்பது, பதினாறு.

ஒரு எண் ஏறினால் அழுக்கு இரட்டிப்பு.
நாலு எண் ஏறியிருந்தது.
இன்ஜினியர் சர்புதீன் இரும்புப் படியில் இறங்கி வந்தார்.
நிறுத்தச் சொல்கிறாயா என்று கேட்கவில்லை.
நிறுத்தினால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று மட்டும் சொன்னார்.

குமிழியாக இருக்கலாம், என்றேன்.
குமிழிக்கும் நிழல் உண்டு.
இரண்டாம் புட்டியைப் பிடித்து, குலுக்கி,
வெற்றிடத்தில் வைத்து,
நுரை ஏறி உடைகிறவரை டீ குடித்தேன்.
மறுபடி இருபத்தொன்று.

அப்போதுதான் பார்த்தேன்.
வால்வின் வாயை, புட்டியின் வாயை,
குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல்
தணிகாசலம் வேஸ்டால் ஒற்றி ஒற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் புட்டிக்கு யாரையும் தொடவிடவில்லை.
அரை லிட்டரை வாளியில் ஓடவிட்டு,
வடக்குக் கதவின் காற்றுக்கு முதுகு காட்டி,
தாரைக்கு அடியில் வைத்துத்தான் மூடியைத் திறந்தேன்.

பதினேழு, பதினைந்து, பன்னிரண்டு.
அழுக்கெல்லாம் நாங்கள் கேட்ட விதத்தில்.

கடைசி எண் மட்டும் போதுமே, என்றார் சர்புதீன்.
மூன்றையும் எழுதினேன்.
முதல் இரண்டின் பக்கத்தில் 'துணி' என்று எழுதினேன்.
தணிகாசலம் என்று எழுதவில்லை.

திரும்பும் வழியில் யார்டு.
மின்மாற்றிகளும் மூச்சுவிடும்:
வெயிலில் வெளியே, இரவில் உள்ளே.
கழுத்தில் தொங்கும் கண்ணாடிக் குடுவையில்
நீலக் குருணை ஈரத்தை வாங்கிக்கொண்டு
ரோஸ் நிறமாகும்.
ரோஸ் ஆனால் அன்றைக்கே மாற்ற வேண்டும்.
சட்டம்.

ரயில் லேட்.
கழுவ வைத்திருந்த சுத்த எண்ணெய் அரைப் புட்டி மிச்சம்:
காலையில் பார்த்தேன்,
பதினாலு, பன்னிரண்டு, ஒன்பது.
என்ன தோன்றியதோ,
மூடியைக் கழற்றி பெஞ்சில் என் பக்கத்தில் வைத்தேன்.
எதிர் பிளாட்பாரத்தில் பள்ளிக்கூடப் பையன்கள்
ஒரே மாங்காயைச் சுற்றி.
தூரத்தில் கன்வேயர் நிலக்கரியை ஏற்றிக்கொண்டே இருந்தது.
கும்மிடிப்பூண்டி லோக்கல் வர இருபத்திரண்டு நிமிடம்.
மூடினேன்.

ராத்திரி எர்ணாவூரில், சமையல் மேடையைத் துடைத்துவிட்டு,
(ஈரத்துணியில் தினமும் வருகிற அதே சாம்பல் வரி)
குமிழி இறங்கக் காத்திருந்து ஓட்டினேன்.

இருபது, பதினெட்டு, பதினாறு.

இன்னொரு தடவை ஓட்டினேன். அதேதான்.
ரிப்போர்ட்டில் எண்ணெயின் பெயருக்குக் கட்டம் உண்டு,
இயந்திரத்தின் எண்ணுக்கு உண்டு.
இதற்கு இல்லை.

அந்தத் தாளில் மை கிடையாது, சூட்டில் எழுதுவது.
ஆறு மாதத்தில் வெளுத்துவிடும்.
காலையில் பஸ் ஸ்டாப் கடையில் ஜெராக்ஸ் கேட்டேன்.
"என்னக்கா, பிளட் டெஸ்ட்டா?"
எண்ணெய், என்றேன்.
பாதி உண்மை.
அவன் கண்ணாடியை ஊதி,
முழங்கையால் ஒரு தடவை துடைத்துவிட்டு,
தாளைக் கவிழ்த்து வைத்தான்.
நகலில் எண்களைச் சுற்றி
பொடிப் பொடியாய்க் கறுப்புப் புள்ளிகள்.
இரண்டு ரூபாய் கொடுத்தேன்.