நாலு மணி நேரம்

நாலு மணி நேரம் ஊறினால் போதும் என்றாய்
ஹொனலுலுத் துறைமுகத்திலிருந்து,
கப்பல் சமையலறையின் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே.

அன்னாசிச் சாறு, சோயா சாஸ், இஞ்சி, பூண்டு.
பழுப்புச் சர்க்கரைக்கு
ஓ.டி. கடைத்தெரு மண்டை வெல்லம்.
தொடைக்கறி ஒரு கிலோ.
வெள்ளி மதியம் ஊறப் போட்டேன்.

சனிக்கிழமை உன் விமானம் மும்பையில் நின்றது.
ஞாயிறு மழை.

திங்கள் சாயங்காலம் மொட்டைமாடியில்
ஓடாத டேபிள் ஃபேனின் கூண்டைக் கழற்றிச்
சவுக்குக் கரிமேல் கவிழ்த்தேன்.
விசிறும் வேலையைத்
தேவனாம்பட்டினத்துக் காற்று எடுத்துக்கொண்டது,
கேட்காமலே.

முதலில் வெல்லம் கறுத்தது.
பிறகு,
பிடிமானமே இல்லாமல், நூல் நூலாக,
கம்பி இடுக்கு வழியே
கரிக்குள் இறங்கியது கறி.

அன்னாசிக்குப் பல் உண்டென்று
நீ சொல்லவில்லை.
நாக்கு அரிக்கும்போதெல்லாம்
நான்தான் அதைத் தின்கிறேன் என்று
நினைத்திருந்தேன்.

"என்னக்கா, பாகு கருகுதா?"
கீழ்வீட்டு ரெஜினா.

எலும்பைப் பிடித்துக்கொண்டு
நாலு துண்டு தப்பியது.
ஒன்றைத் தின்றேன்.
நன்றாகத்தான் இருந்தது, சொல்லக் கூடாது.
மூன்றை மூடி வைத்திருக்கிறேன்.

வந்து இறங்கியதும்
பையை வை, கை கழுவு.
எத்தனை மணி நேரம் ஊறியதென்று மட்டும்
கேட்காதே.