வெயில் புள்ளி

வைல் புள்ளி என்று அடித்தால்
என் போன் வெயில் புள்ளி என்று திருத்துகிறது.
இர்ஃபானாவுக்கு அப்படியே போய்விட்டது:
"வெயில் புள்ளி தெரியுதா?"
"இன்னும் இல்ல. இங்க மழை."

அவள் கடல்களுக்கு அப்பால், ஒளி சுற்றும் வளையத்தின் ஓரம்.
நான் காசிமேட்டில், ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால், மூன்றாவது மாடி.
போனின் நெட்டில் லேப்டாப்,
லேப்டாப்பில் அவள் திரை.
படிகம் மட்டும் என்னுடையது:
கோபால்ட், வெள்ளீயம், கந்தகம்,
உலையில் ஒன்பது நாள்,
சுண்டுவிரல் நகத்தில் பாதி.

இரவு எட்டு மணிக்கு அதைப் பிளந்தாள்.
தலையில் ஒட்டிய பீங்கான் குச்சிக்கு வெற்றிடத்துக்குள் ஒரு தட்டு;
குச்சியோடு மேல்தோல் போனது.
எதுவுமே தொட்டிராத ஒரு பரப்பு.
அந்த நொடியிலிருந்தே அது பழசாகத் தொடங்கும்.
வெற்றிடம் என்பது மரியாதைக்குச் சொல்வது;
மிச்சக் காற்று அணு அணுவாக வந்து குந்தும்.
எட்டு மணி நேரம் தாங்கும்.
ஐஸ் வைக்காத வஞ்சிரம்.

இருநூறு கெல்வினில் ஒற்றைக் கோடு.
குளிரவைத்தோம். நூற்று எழுபதுக்குக் கீழே காந்தம் விழித்தது.
கோடு மெல்லப் பிரிந்து இரண்டானது.
அதுவரை ஒரே வீட்டில் இருந்த எலெக்ட்ரான்கள்
சுழலும் பக்கம் பார்த்துத் தனிக்குடித்தனம் போயின.

ஆனால் புள்ளி இல்லை.
கணக்கு சொல்கிறது: இருக்கிறது,
எலெக்ட்ரான்கள் நிரம்பிய மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே.
எங்கள் ஒளி கதவைத் தட்டும், அவ்வளவுதான்.
காலி வீட்டிலிருந்து யார் வெளியே வருவார்?

"பொட்டாசியம் தூவட்டுமா?"
தூவினால் மட்டம் ஏறும். பரப்பு கெடும்.
மணி மூன்று.
"தூவு."

ஏறியது.
இரண்டு கோடுகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தன.
இன்னொரு தூவல், இன்னும் நெருக்கம்,
அப்போது பார்த்து கரண்ட் போனது.
ஐஸ் ஃபேக்டரியின் இரைச்சல் நின்றதும்
தெருவுக்கே காது அடைத்துக்கொண்டது.
நெட் போய், வந்து, மறுபடி போய்,
வந்தபோது திரையில்
தொட்டனவா தொடவில்லையா என்று சொல்லாத ஒரு மங்கல்.

"பரப்பு முடிஞ்சுது," என்று எழுதினாள்.
"இடைவெளி இருக்கா?"
"இருக்குன்னும் சொல்லலாம்.
நம்ம பிழை எவ்ளோவோ, இடைவெளியும் அவ்ளோ."

நாலரைக்கு இறங்கி நடந்தேன்.
ஏலக் கூடத்தில் டார்ச் வெளிச்சங்கள், காலடியில் ஐஸ் தண்ணீர்.
ரஞ்சிதம் ஒரு சங்கராவின் செவுளை விரலால் தூக்கி
ஒரு நொடி பார்த்து
"நேத்து" என்று சொல்லிவிட்டு
அடுத்த கூடைக்குப் போனாள்.